ஆடிக் கிருத்திகையும் அல் ஐன் வெயிலும்

கடிதத்தின் சுருக்கம்: எழுதியிருப்பவர் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த 63 வயது அம்மா. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவருக்கு 69 வயது, மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். ஒன்றரை வருடமாக இருவரும் அமீரகத்தில் அல் ஐன் நகரில் மகன் வீட்டில் இருக்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேரனைப் பார்த்துக்கொள்வது இவர்கள் பொறுப்பு. கணவருக்குப் பல வருடங்களாகச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. மாதக் கிருத்திகைக்கு ஒருபொழுது இருப்பவர். போன ஆடிக் கிருத்திகைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துவிட்டு, "வெயில் தாழ்ந்துடுச்சு" என்று ஐந்து மணிக்குப் பூங்காவில் நடக்கப் போனவர் மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் பார்த்தபோது ரத்தச் சர்க்கரை 62. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு 1.6 என்று கூடுதலாக வந்திருக்கிறது. அன்று முதல் மகன் இருவரையும் வெளியே விடுவதில்லை. விரதம், நோன்பு எல்லாவற்றுக்கும் தடை. கணவர் பேச்சைக் குறைத்துவிட்டார், ஊருக்குப் போக வேண்டும் என்கிறார். "பாலைவனம் இவர் உடம்புக்கு ஒத்துக்காதுங்களா? கிட்னி போயிடுச்சுங்களா? நோன்பெல்லாம் விட்டுடணுமா? பேரனை விட்டுட்டு ஒரேயடியா வந்துடணுமா?" இவைதான் அம்மாவின் கேள்விகள்.

அம்மா, ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். மாத்திரைச் சீட்டையும் படமெடுத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. பாதி பதில் அந்தச் சீட்டில்தான் இருக்கிறது.

அன்று ஐயாவை விழவைத்தது வெயில் மட்டும் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் கிளிமிபிரைடு போட்டிருக்கிறார். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கிற மாத்திரை அது. பட்டினி நாளில் போட்டால் சர்க்கரை தாழ்ந்தே தீரும். 62க்குக் காரணம் அதுதான். கூடவே டாபாகிளிஃப்ளோசின். இது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும். தண்ணீரும் சேர்ந்தே போகும். பிரஷருக்கு அவர் போடுவது டெல்மிசார்டானோடு, நீரைப் பிரிக்கிற இன்னொரு மருந்தும் கலந்த மாத்திரை. கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிற ஒரு வரி: "முட்டி வலிக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை ஒரு வாரமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்." படத்தில் பார்த்தேன், அது அசிக்ளோஃபெனாக். இந்த வகை வலி மாத்திரை, நீர் பிரிக்கிற மாத்திரை, டெல்மிசார்டான் மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தாலே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். அதோடு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரும் இல்லை என்றால் கிரியேட்டினின் ஏறியதில் ஆச்சரியம் இல்லை. காங்கேயத்திலேயே ஒரு சித்திரை மாதம் இத்தனையும் சேர்ந்திருந்தால் அங்கேயும் விழுந்திருப்பார்.

அதனால் "கிட்னி போயிடுச்சு" என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். உடம்பில் நீர் வற்றிய நாளில் எடுத்த ஒரே ஒரு அளவு அது. குறை மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்போம். ஆடியில் பார்த்தது, இப்போது கார்த்திகை. இடையில் ஒருமுறைகூடத் திரும்பப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். இந்த வாரமே கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, சிறுநீரில் புரதம் எல்லாம் பார்த்துவிடுங்கள். அசிக்ளோஃபெனாக் அட்டையைத் தூக்கிப் போடுங்கள். முட்டிக்கு வேறு வழி அங்குள்ள மருத்துவர் சொல்வார்.

பயந்துபோய் பிரஷர் மாத்திரையை நீங்களே நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அக்கறையில்தான் செய்தீர்கள், புரிகிறது. ஆனாலும் நாலு மாதம் மருந்தில்லாமல் இருப்பது பக்கவாதத்துக்குக் கதவைத் திறந்துவைக்கிற வேலை. ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டிலேயே அளந்து எழுதுங்கள். உட்கார்ந்த நிலையில் ஒன்று, எழுந்து நின்று ஒன்றிரண்டு நிமிடத்தில் இன்னொன்று. மேல் அளவு 160ஐத் தாண்டினால் வாரம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டி, நீர் பிரிக்கிற மருந்து கலக்காத மாத்திரை போதுமா என்று கேளுங்கள். போதும் என்று சொல்ல வாய்ப்பு அதிகம், ஆனால் அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

வேர்க்காத ஊரும் தண்ணீரும்

"இங்கே வேர்ப்பதே இல்லை, நாள் முழுக்க ஏசி, அதனால் தண்ணீர் அதிகம் தேவைப்படாது" என்று நினைக்கிறீர்கள். துபாய் போன்ற கடலோர ஊரில் சட்டை நனையும். அல் ஐன் உள்நாடு, காற்று உலர்ந்தது. அங்கேயும் வேர்க்கத்தான் செய்கிறது. தோலில் நிற்பதற்குள் ஆவியாகிவிடுகிறது, அவ்வளவுதான். ஏசி அறைக் காற்றும் வறண்ட காற்றுதான். போதாக்குறைக்கு வயதானால் தாக உணர்ச்சி மங்கிவிடும். "தாகம் எடுத்தா கேட்பாரு" என்று காத்திருந்தால் அவர் கேட்கவே மாட்டார்.

ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார் என்று நாளுக்கு ஒரு லிட்டரோடு நிறுத்தியிருக்கிறீர்கள். அளவைக் குறைக்காதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். காலை எழுந்ததிலிருந்து மாலை ஆறு வரை மணிக்கொரு சின்ன டம்ளர், அதன்பின் வாய் நனைக்க மட்டும். இதய நோயோ கால் வீக்கமோ இல்லை என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன். அவை உள்ளவர்களுக்கு அளவு வேறு. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும், தேன் நிறத்துக்குப் போனால் போதவில்லை என்று அர்த்தம். 69 வயதில் இரவு நாலு தடவை என்றால் ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

அங்கே கடைகளில் கிடைக்கும் லபான் நம் மோர்தான், உப்புச் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். டெல்மிசார்டான் போடுகிறவருக்கு, கிரியேட்டினினும் ஏறியிருந்தால், ரத்தத்தில் பொட்டாசியம் கூடி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். பரிசோதனை முடிவு வரும்வரை அது வேண்டாம். கம்மங்கூழ் குடிக்கலாம், ஆனால் "சர்க்கரைக்கு எவ்வளவு வேணா குடிக்கலாம்" என்பது தப்பு. கம்பும் மாவுச்சத்துதான், ஒரு சொம்பு என்றால் அதுவே ஒரு வேளைச் சாப்பாடு.

உங்கள் கால் குடைச்சலுக்கு ஒரு வார்த்தை. "இத்தனை வெயிலடிக்கிற ஊரில் வைட்டமின் டி எப்படிக் குறையும்?" என்கிறீர்கள். வளைகுடா நாடுகளில் பரவலாகக் காணும் குறையே அதுதான். வெயிலுக்குப் பயந்து எல்லோரும் வீட்டுக்குள் இருக்கிறார்கள், வெயில் தோலில் படுவதே இல்லை. பரிசோதித்துப் பார்த்து, குறைவு என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் வாங்கிய 60,000 யூனிட் பொட்டலத்தைக் கணக்கில்லாமல் வாராவாரம் குடிக்க வேண்டாம்.

ஒட்டகப் பால்

"சர்க்கரையே தீர்ந்துபோகும்" என்று யாரோ சொல்ல, ஐயா ஒட்டகச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் கறந்த பாலை அப்படியே குடித்து வந்திருக்கிறார். காங்கேயம் மாடுகளோடு வளர்ந்தவருக்கு அந்தச் சந்தை பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஆனால் 2012இல் கண்டறியப்பட்ட மெர்ஸ் என்கிற நுரையீரல் தொற்று, ஒட்டகத்திலிருந்து மனிதருக்குப் பரவக்கூடியது. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது கடுமையாகப் போகும். அவர்கள் ஒட்டகத்தின் அருகில் போகவோ, காய்ச்சாத பாலைக் குடிக்கவோ கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கடையில் பதப்படுத்தி விற்கும் ஒட்டகப் பாலை ஒரு டம்ளர் குடிப்பதில் தவறில்லை. மாத்திரைக்குப் பதில் அது இல்லை.

விரதம் இருக்கலாமா?

நீங்கள் கேட்ட நியாயமான கேள்வி: "இங்கே ரம்ஜானுக்கு ஒரு மாதம் பூரா தண்ணியில்லாம இருக்கறாங்க. ஒரு நாள் கிருத்திகை இருந்ததுக்கா இவருக்கு இப்படி ஆகணும்?"

முதலில் காலத்தைப் பாருங்கள். ரம்ஜான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். 2025இல் மார்ச் 1 அன்று தொடங்கியது. இனிச் சில ஆண்டுகள் குளிர்காலத்தில்தான் வரும். ஆடிக் கிருத்திகையோ ஜூலை, ஆகஸ்டில். அப்போது அல் ஐனில் பகல் வெப்பம் 45 டிகிரியை ஒட்டி இருக்கும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30இலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கும் தரை கொதித்துக்கொண்டுதான் இருக்கும். நம் ஊரில் ஆடி என்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அம்மியைத் தூக்குகிற காற்று. அந்தக் காற்றில் ஒருபொழுது இருந்து பழகிய உடம்போடு, அதே மாதத்தை அதே மாதிரி பாலைவனத்தில் கடைப்பிடித்ததுதான் இடித்தது. பஞ்சாங்கத்தில் மாதம் ஒன்றுதான், வானம் வேறு.

இரண்டாவது, அங்கே நோன்பிருக்கும் சர்க்கரை நோயாளிகளில் பலர் ஆறு, எட்டு வாரம் முன்னாலேயே மருத்துவரைப் பார்த்து, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்கிறார்கள். நோன்பு நேரத்திலும் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள். 70க்குக் கீழே போனாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை முடித்துவிட வேண்டும் என்பது அங்கே மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஐயாவுக்கும் அதே எண்கள்தான். சொல்லப்போனால், விரதமிருக்கும் சர்க்கரை நோயாளியைக் கையாள்வதில் ஈரோட்டில் உட்கார்ந்திருக்கும் என்னைவிட அல் ஐன் மருத்துவருக்கு அனுபவம் அதிகம். கூச்சப்படாமல் போய், "எங்களுக்கு மாதம் ஒரு விரத நாள் வரும், அன்றைக்கு மாத்திரை எப்படி?" என்று கேளுங்கள்.

என் கருத்து இது. கார்த்திகை முதல் மாசி வரை, சிறுநீரக அளவு சரியாக வந்தால், பாலும் பழமும் தண்ணீரும் உண்டு என்ற முறையில் ஒருபொழுது இருக்கலாம். அன்று கிளிமிபிரைடையும் டாபாகிளிஃப்ளோசினையும் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாபாகிளிஃப்ளோசினில் இன்னொரு ஆபத்தும் உண்டு: பட்டினியில் அதைப் போட்டால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் வந்தால் மீட்டரைப் பார்த்து ஏமாறாமல் 998க்குக் கூப்பிடுங்கள், அங்கே ஆம்புலன்ஸ் எண் அதுதான். வைகாசி முதல் புரட்டாசி வரை அந்த ஊரில் இருக்க நேர்ந்தால் பட்டினி விரதம் வேண்டாம், தண்ணீரில்லா விரதம் எந்த மாதத்திலும் வேண்டாம். மாத்திரை போடுகிறவர்கள் பால், பழம் எடுத்துக்கொண்டு விரதத்தை முடிப்பது நம் வீடுகளில் புதிதும் இல்லை.

இன்னொன்று, தைப்பூசத்துக்கு மாலை போட்டு 48 நாளும் செருப்பில்லாமல் நடப்பாராம். ஊரில் சிவன்மலைப் படி ஏறிப் பழகியவர், சரிதான். ஆனால் பாதம் மரத்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வெந்த பாதத்தோடு வருகிற சர்க்கரைக்காரர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். விரலை எடுக்கிற அளவுக்குப் போனவர்களும் உண்டு. அபுதாபியில் 2024 பிப்ரவரியில் திறந்த சுவாமிநாராயண் கோயிலுக்குப் போக ஆசைப்படுகிறார் என்றால் தை மாதம் கூட்டிப்போங்கள். செருப்பு விடும் இடத்திலிருந்து கெட்டியான காலுறை போட்டுக்கொள்ளட்டும்.

மகனுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்

கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது 1.6 இல்லை. ஐயா இரவு மூன்று மணிக்கு எழுந்து ஹாலில் உட்கார்ந்து, ஊரில் இருக்கும் தன் தம்பி எழுந்திருக்கும் நேரம் ஆனதும் போன் போட்டு "மழை பேஞ்சுதா, கெணத்துல தண்ணி எத்தனை படி இருக்குது" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார் என்றீர்களே, அதுதான். சாப்பாடு குறைந்திருக்கிறது. பேரனோடு விளையாடுவதையும் விட்டுவிட்டார். இது முதுமையில் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். "பிடிவாதம்" என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள். இதற்கு மருந்தும் பேச்சு சிகிச்சையும் உண்டு, குணமாகும்.

தம்பி, அப்பா கண்முன்னே விழுந்ததைப் பார்த்த பயம் உங்களுக்கு. ஆடியில் போட்ட தடை சரி, கார்த்திகையிலும் அதே தடை சரியில்லை. இந்த வயதில் சில வாரம் உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை கரையும், சர்க்கரை ஏறும், அடுத்த முறை விழுவது சுலபமாகும். நவம்பரிலிருந்து மார்ச் வரை உங்கள் ஊரைப் போல நடக்கத் தோதான ஊர் வேறில்லை. அல் ஐன் பேரீச்சந்தோப்புக்குள் அவரைக் கூட்டிப்போயிருக்கிறீர்களா? 2011இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடங்களில் அதுவும் ஒன்று. மரத்துக்கு மரம் நிழல், நடுவே ஃபலஜ் என்கிற வாய்க்கால், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற ஏற்பாடு. காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தைப் பார்த்தவருக்கு அங்கே பேச நிறைய இருக்கும். வெயில் காலத்தில் காலை வேளையில் மாலுக்குள் நடக்கட்டும்.

ஆடி 1 அன்று பால்கனியில் தேங்காய் சுட்டு, புகை எழும்பிக் காவலாளி ஓடிவந்த கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன். அங்கே தீ மூட்டக் கூடாதுதான், சாம்பிராணிக்கே புகை மணி அடித்துவிடும். ஆனால் அதற்காகப் பொங்கலையே ரத்து செய்ய வேண்டியதில்லை. காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் கிடைக்காது. வேப்பமரம் அந்த ஊர்ச் சாலையோரத்திலேயே நிற்கிறது, தெரிந்தவர் வீட்டுத் தோட்டத்தில் கேட்டு ஒரு கொத்து வாங்கிக்கொள்ளலாம். பொங்கலை ஒட்டி வரும் பூப்பறிக்கிற நோன்புக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போங்கள். ஜனவரியில் பகலில் 25 டிகிரி, ஊரைவிடச் சுகமாக இருக்கும். ஒப்புட்டு (போளி) ஒன்று சாப்பிடட்டும், அன்று சோற்றைக் குறைத்துக்கொள்ளட்டும்.

ஒரேயடியாக வர வேண்டுமா?

இங்கேயா அங்கேயா என்று இரண்டில் ஒன்றாகவே யோசித்திருக்கிறீர்கள் அம்மா. வருடத்தைப் பிரித்துக்கொள்ளலாமே. மே முதல் வாரம் ஊருக்கு வந்து, அக்டோபர் இருபதை ஒட்டித் திரும்புங்கள். பாலைவனத்தின் கொடிய மாதங்கள் கழிந்துவிடும். ஆடிக் கிருத்திகை, பதினெட்டு, புரட்டாசிச் சனி எல்லாம் ஊரில். அமீரகக் குடியிருப்பு விசாவில் இருப்பவர் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே தங்கினால் விசா செல்லாமல் போகும். இந்தக் கணக்கு அதற்குள் அடங்குகிறது. உங்கள் விசா வகைக்கு விதிவிலக்கு ஏதும் உண்டா என்று மகன் பார்த்துச் சொல்லட்டும். அங்கே பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்டில்தான் கோடை விடுமுறை. பேரன் ஆடி மாதம் தாத்தாவோடு ஊரில் இருக்கலாம். மே, ஜூனிலும் செப்டம்பர், அக்டோபரிலும் பள்ளி விட்டு வரும் பிள்ளையை யார் பார்ப்பது என்பதுதான் மிச்சமிருக்கும் சிக்கல். அதற்கு மகனும் மருமகளும் இப்போதிருந்தே ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தச் சுமை முழுதும் உங்களுடையது இல்லை.

ஊரிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. மே மாதத்தில் நம் பக்கமும் வெயில் 40ஐத் தொடும். தோட்டத்து வீட்டில் இருவர் மட்டும் என்றால், ராத்திரியில் கூப்பிட்ட குரலுக்கு வர தம்பி குடும்பம் பக்கத்தில் இருப்பது பெரிய தைரியம். குளியலறையில் கைப்பிடி போட்டுவிடுங்கள். ஓய்வூதியருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை உங்களிடம் இருக்கும்; பக்கத்தில் எந்த மருத்துவமனையில் அது செல்லும் என்று வந்த வாரமே விசாரித்து வையுங்கள்.

திரும்பிப் போகும்போது மருந்து மூட்டை விஷயத்தில் கவனம். டிரமடால், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகளும், கால் எரிச்சலுக்கு இங்கே சகஜமாக எழுதும் பிரீகாபலினும் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. இணையத்தில் முன் அனுமதி வாங்காமல், ஒரு அட்டை என்றாலும், பெட்டியில் வைக்காதீர்கள். தெரியாமல் கொண்டுபோய் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் வம்பு. மற்ற மாத்திரைகளையும் கடை உறையில் கொட்டாமல் அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு, கைப்பையில் எடுத்துப் போங்கள்.

பரிசோதனை முடிவு வந்ததும் அங்குள்ள மருத்துவரைப் பாருங்கள். கிரியேட்டினின் 1.6க்குக் குறையாமலே இருந்தால் சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஊருக்குப் போகும் தேதியை ஐயாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மே மாதம் என்று தெரிந்தால் இன்றிரவு தம்பிக்குப் போன் போடும்போது கிணற்றைத் தவிர வேறு ஏதாவதும் பேசுவார்.